மகளின் போனில் ஒளித்து வைத்த ஆப்: அது சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

15 வயது மகளின் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

சில மாதங்களாக மகள் போனைக் கவிழ்த்தே வைக்கிறாள். எதைக் கேட்டாலும் ஒற்றை வார்த்தையில் பதில். பயந்துபோன தாய், மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவளுடைய ஆண்ட்ராய்டு போனில் ஒரு கண்காணிப்பு ஆப்பை ஏற்றிவிட்டார். ஐகான்கூடத் தெரியாது. ஒரு வருடச் சந்தா கட்டியாகிவிட்டது. மகளின் அப்பாவுக்கும் இது தெரியாது. ஐந்து வாரங்களாக, எல்லாரும் தூங்கியபின் அறிக்கையைத் திறந்து படிக்கிறார். ஒருநாள் இரவு 11 மணிக்கு மகள் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருப்பதாக வரைபடம் காட்டியது. ஓடிப்போய்ப் போர்வையை விலக்கிப் பார்த்தால், தூங்கிக்கொண்டிருக்கிறாள். இன்னொரு வாரம் இரண்டு நாள் எதுவுமே பதிவாகவில்லை. “அந்த ரெண்டு நாள்தான் நிம்மதியாகத் தூங்கினேன்” என்கிறார். போன வாரம் மகளின் தோழி அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தி அறிக்கையில் வந்தது: “இனிமே செத்துடுவேன்னு எல்லாம் சொல்லாத டி. பயமா இருக்கு.” மகள் என்ன எழுதினாள் என்பது அதில் இல்லை. கேட்டால் ஆப் விஷயம் வெளியே வந்துவிடும் என்று கேட்கவும் முடியாமல் தவிக்கிறார்.

அவர் கேட்பது மூன்று. இந்த ஆப்பை நம்பலாமா? முழுசாகக் காட்டக்கூடிய, இதைவிட நல்ல ஆப் இருக்கிறதா? உண்மையைச் சொன்னால் மகள் என்னை மன்னிப்பாளா?

அன்புள்ள சகோதரிக்கு,

ஆப்பைப் பற்றி அப்புறம் பேசலாம். அவசரம் கருதி உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன். ஆனால் இதே நிலையில் இருக்கும் வேறு பெற்றோரும் படிப்பார்கள் என்பதால் இங்கேயும் முதலில் அந்த ஒரு வரியையே எடுத்துக்கொள்கிறேன்.

இன்றைக்கே கேளுங்கள், நேராகக் கேளுங்கள்

“செத்துடுவேன்” என்பதை இந்த வயதுப் பிள்ளைகள் அலுப்பிலும் சொல்வார்கள், விளையாட்டாகவும் சொல்வார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் தோழிக்குப் பயம் வந்திருக்கிறது, அதைத்தான் நான் கணக்கில் எடுக்கிறேன். மகள் எந்தத் தொனியில் சொன்னாள் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். நமக்குத் தெரியாது.

தற்கொலை பற்றி வாய்விட்டுக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பல பெற்றோர் தயங்குகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்பது பாரத்தை இறக்கிவைக்கத்தான் இடம் கொடுக்கிறது. தனியாக இருக்கும்போது, முடிந்தால் முகத்துக்கு முகம் உட்காராமல், துணி மடித்துக்கொண்டோ பக்கத்தில் நடந்துகொண்டோ கேளுங்கள்: “கொஞ்ச நாளா நீ ரொம்பச் சோர்ந்து போயிருக்க. செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கஷ்டமான பகுதி. “உனக்கு என்ன குறை வச்சோம்?” என்பது நாக்கு நுனியில் வந்து நிற்கும். விழுங்கிவிடுங்கள்.

எப்படிச் செய்வது என்றுகூட யோசித்திருக்கிறேன் என்று சொன்னாலோ, உடம்பில் காயப்படுத்திக்கொண்ட தடம் இருந்தாலோ, பிடித்த பொருட்களை எடுத்து யாருக்காவது கொடுத்துக்கொண்டிருந்தாலோ, அவளைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் உள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்து போன்றவற்றையும் பூட்டிவிட்டு, அன்றே மனநல மருத்துவரிடமோ மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ கூட்டிப் போங்கள். “சும்மா சொன்னேம்மா” என்றாலும் இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவரையோ ஆலோசகரையோ பார்த்துவிடுவது நல்லது.

ஒரு எச்சரிக்கை. தோழியின் பெயரை இழுக்காதீர்கள். “உன் ஃபிரண்ட் அனுப்பினதைப் பார்த்தேன்” என்று ஆரம்பித்தால், அந்த ஒரு தோழியிடமும் பேசுவதை மகள் நிறுத்திவிடக்கூடும். பயப்படுகிறேன் என்று வாய்திறந்து சொல்லக்கூடிய ஒரு தோழி இப்போது அவளுக்குக் கட்டாயம் வேண்டும்.

பாதி உரையாடல் மட்டும் ஏன் வந்தது?

இனி ஆப். நீங்கள் நினைப்பதுபோல அது வாட்ஸ்அப்பைத் திறந்து படிக்கவில்லை. 2016இலிருந்து வாட்ஸ்அப் செய்திகள் அனுப்புபவரின் போனில் பூட்டப்பட்டு, பெறுபவரின் போனில்தான் திறக்கின்றன. நடுவில் புகுந்து யாரும் படிக்க முடியாது. அதனால் இந்த ஆப்கள் பக்கவாட்டு வழிகளைத் தேடுகின்றன. ஒன்று, திரையின் மேல்பகுதியில் எட்டிப்பார்க்கும் நோட்டிஃபிகேஷனை நகல் எடுப்பது. இன்னொன்று, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக ஆண்ட்ராய்டில் வைத்திருக்கும் ‘ஆக்சஸிபிலிட்டி’ வசதியைப் பிடித்துக்கொண்டு திரையில் இருக்கும் எழுத்தைப் படிப்பது. இல்லாவிட்டால் அவ்வப்போது திரையைப் படம் பிடிப்பது.

உங்களுக்கு வந்திருப்பதைப் பார்த்தால் முதல் வழி என்று நினைக்கிறேன். நோட்டிஃபிகேஷன் என்பது நமக்கு வருகிற செய்திக்குத்தான் உண்டு. நாம் அனுப்புகிற செய்திக்கு ஏது? அதனால்தான் தோழி எழுதியது வந்தது, மகள் எழுதியது வரவில்லை. மகள் அந்த உரையாடலைத் திறந்து வைத்துக்கொண்டு மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் தோழியின் பதிலுக்கும் நோட்டிஃபிகேஷன் வராது. அதாவது, அவர்கள் எந்த நேரத்தில் அதிகம் பேசுகிறார்களோ அந்த நேரத்தில்தான் உங்கள் அறிக்கை காலியாக இருக்கும்.

இரவு 11 மணி வரைபடத்துக்கும் இதேபோல் எளிய விளக்கம் உண்டு. வீட்டுக்குள் செயற்கைக்கோள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அப்போது போன், பக்கத்து வைஃபையையும் செல்போன் கோபுரத்தையும் வைத்து இடத்தை ஊகிக்கிறது. கோபுரத்தை மட்டும் வைத்து ஊகித்தால் கிலோமீட்டர் கணக்கில்கூடத் தள்ளிப்போகும். வரைபடத்தில் அது ஒரு துல்லியமான நீலப் புள்ளியாக விழுவதுதான் ஏமாற்று வேலை.

காலியாக வந்த அந்த இரண்டு நாள்? பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னணியில் ஓடும் ஆப்களை ஆண்ட்ராய்டு தானாகவே நிறுத்திவைக்கும். பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கும். ஆப் தூங்கியது, அதைப் பார்த்து நீங்களும் தூங்கினீர்கள். என்னைக் கேட்டால், தப்பான தகவலைவிட இந்தப் பொய்யான நிம்மதிதான் ஆபத்து. மகள் மிகவும் உடைந்துபோயிருந்த இரண்டு நாட்களாகவும் அவை இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். அறிக்கை எதையும் சொல்லவில்லை என்பதை, ஒன்றும் நடக்கவில்லை என்று நீங்கள் படித்துவிட்டீர்கள்.

இதைவிட நல்ல ஆப் உண்டா?

நீங்கள் கேட்கிற அர்த்தத்தில் இல்லை. எதற்கு எவ்வளவு பயன் என்று தனித்தனியாகப் பார்க்கலாம்.

இரவு பத்து மணிக்குமேல் போன் பூட்டிக்கொள்ள வேண்டும், புது ஆப் இறக்கினால் பெற்றோரின் அனுமதி வேண்டும், வீடு திரும்பும் வழியில் எங்கே வருகிறாள் என்று தோராயமாகத் தெரிய வேண்டும் என்றால், கூகுளின் ஃபேமிலி லிங்க், ஆப்பிளின் ஸ்கிரீன் டைம் (இடத்துக்கு மட்டும் ஆப்பிளில் ‘ஃபைண்ட் மை’) இலவசமாகவே ஓரளவு ஒழுங்காகச் செய்கின்றன. பிள்ளைக்குத் தெரிந்தே இயங்குபவை இவை. ஓட்டைகளும் உண்டு. நண்பர்களின் போன், அலமாரிக்குள் கிடக்கும் பழைய போன், வீட்டுக் கணினி எதுவும் இதன் கையில் இல்லை. ‘யூடியூப் 6 மணி நேரம்’ என்று காட்டினால் ஆறு மணி நேரமும் பார்த்தாள் என்று அர்த்தமில்லை. பாட்டை ஓடவிட்டுப் படித்துக்கொண்டும் இருந்திருப்பாள்.

அடுத்து, எல்லாவற்றையும் காட்டாமல் ஆபத்தான சொல் வந்தால் மட்டும் பெற்றோரை எழுப்புகிற ஆப்கள். யோசனை நல்லதுதான். ஆனால் அவை முதன்மையாக ஆங்கிலத்துக்குப் பழக்கப்பட்டவை. தமிழை ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டில், பாதி சொல்லை முழுங்கித் தட்டும் பிள்ளைகளின் பேச்சு அவற்றுக்குப் பிடிபடும் என்று நான் நம்ப மாட்டேன். குரல் செய்திக்கும் மீம் படத்துக்கும் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது, அந்தந்தத் தளத்திலேயே இருக்கும் வசதிகள். 2024 செப்டம்பரிலிருந்து இன்ஸ்டாகிராம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைத் ‘டீன் அக்கவுன்ட்’டுக்கு மாற்றத் தொடங்கியது. கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும், முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது, 16 வயதுக்குக் கீழ் இருந்தால் இவற்றைத் தளர்த்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஸ்னாப்சாட்டின் ஃபேமிலி சென்டரில், பிள்ளை சமீபத்தில் யாருடன் பேசினாள் என்று தெரியும், என்ன பேசினாள் என்று தெரியாது. 15 வயதுக்கு இந்த அளவுதான் சரி என்பது என் கருத்து. வயதைப் பொய்யாகக் கொடுத்துக் கணக்கு தொடங்கியிருந்தால் இதெல்லாம் வேலை செய்யாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆப் இருப்பது நான்காவது வகை: ஒளிந்திருந்து எல்லாவற்றையும் எடுப்பது. கூகுளின் பிளே ஸ்டோரில் இப்படி மறைந்து இயங்கும் கண்காணிப்பு ஆப்களுக்கு அனுமதியே கிடையாது. நீங்கள் அதை ஒரு இணையதளத்திலிருந்து இறக்கியிருப்பீர்கள். ஏற்றுவதற்கு முன்னால் ‘பிளே புரொடெக்ட்டை அணைக்கவும்’ என்று ஒரு படி இருந்திருக்குமே? தீங்கான ஆப்பைக் கண்டுபிடிக்கும் காவல்காரனை நாமே வெளியே அனுப்பிவிட்டோம்.

உங்களைத் தவிர வேறு யார் படிக்கிறார்கள்?

கடிதத்தில் “விவரம் எல்லாம் என் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. மகளின் செய்திகளும் படங்களும் முதலில் அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகின்றன, அங்கிருந்துதான் உங்களுக்கு வருகின்றன.

இந்தத் தொழிலின் வரலாறு நல்லதாக இல்லை. டீன்சேஃப் என்ற ஆப், பெற்றோருக்கென்றே விற்கப்பட்டது. 2018இல் அதன் சர்வர் கடவுச்சொல் பாதுகாப்பே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது தெரியவந்தது. பிள்ளைகளின் ஆப்பிள் ஐடி கடவுச்சொற்கள் படிக்கக்கூடிய எழுத்திலேயே அதில் இருந்தன. அந்த ஆப் வேலை செய்ய வேண்டுமென்றால் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சான்றும் கேட்கும் பாதுகாப்பு) அணைத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். லெட்மீஸ்பை என்ற இன்னொரு கண்காணிப்பு ஆப் 2023இல் ஹேக் செய்யப்பட்டு, அதோடு கடையைச் சாத்தியது. எம்ஸ்பை என்ற கண்காணிப்பு ஆப் நிறுவனத்திடம் உதவி கேட்டு வாடிக்கையாளர்கள் எழுதிய லட்சக்கணக்கான கடிதங்கள் 2024இல் கசிந்தன. 2021இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் ஸ்பைஃபோன் என்ற ஆப்பை நடத்திய நிறுவனம் கண்காணிப்புத் தொழிலே செய்யக் கூடாது என்று தடை போட்டது.

உங்கள் ஆப் கேலரியையும் எடுக்கிறதா என்று பாருங்கள். எடுக்கிறது என்றால், உடை மாற்றும்போது விளையாட்டாக எடுத்து உடனே அழித்த ஒரு படம்கூட முகம் தெரியாத யாரோ ஒருவரின் சர்வரில் தங்கியிருக்கக்கூடும். எந்த ஆபத்திலிருந்து அவளைக் காக்க நினைத்தீர்களோ அதற்கு நாமே வழி வைத்ததாகிவிடும்.

“18 வயதுவரை அவள் என் பொறுப்புதானே?”

பொறுப்பு உங்களுடையதுதான். அதற்காக அவளுக்கு அந்தரங்கமே இல்லை என்று ஆகாது. 1989இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, 16ஆவது பிரிவில் குழந்தையின் அந்தரங்கத்தைத் தனி உரிமையாகவே வைத்திருக்கிறது. 2021இல் அதன் குழு வெளியிட்ட 25ஆம் எண் பொதுக் கருத்துரை இன்னும் நேராகப் பேசுகிறது: குழந்தைகளை டிஜிட்டல் வழியில் கண்காணிப்பது வழக்கமாகவோ, கண்மூடித்தனமாகவோ, அவர்களுக்குத் தெரியாமலோ நடக்கக் கூடாது. கண்காணிப்புக் கருவிகளைக் கவனமில்லாமல் பயன்படுத்தினால், உதவி எண்ணைத் தேடுவதிலிருந்தே பிள்ளைகளைத் தடுத்துவிடலாம் என்றும் அது சொல்கிறது. உங்கள் மகள் விஷயத்தில் நான் பயப்படுவது இதற்குத்தான்.

மைனர் பிள்ளையின் போனைப் பெற்றோர் பார்ப்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். பெற்றோர் என்பதற்காக யாரும் உடனே குற்றவாளி ஆகிவிட மாட்டார்கள். ஆனால் அந்த அறிக்கையில் அவளுடைய தோழிகளின் பேச்சும் வருகிறது. அவர்கள் உங்கள் பிள்ளைகள் இல்லை. அந்த ஸ்கிரீன்ஷாட்களை யாருக்கும், குறிப்பாக அவர்களுடைய பெற்றோருக்கு, அனுப்பிவிடாதீர்கள். மகளுக்கு 18 ஆனபிறகும் ஆப் ஓடிக்கொண்டிருந்தால் பல நாடுகளில் அது குற்றம்.

மகளிடம் சொல்வது

ஹாகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரு உளவியலாளர்கள் ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களின் பெற்றோரையும் வைத்துச் செய்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. பிள்ளையின் நடமாட்டம் நன்றாகத் தெரிந்த பெற்றோருக்கு அது எப்படித் தெரிந்தது என்று துருவினார்கள். பெரும்பாலும் பிள்ளை தானாக வந்து சொன்னதுதான். விசாரித்ததும் கட்டுப்படுத்தியதும் அதற்கு அடுத்தபடிதான். பெற்றோருக்கான கண்காணிப்பு ஆப்களைப் பற்றிப் பிள்ளைகள் எழுதிய 736 மதிப்புரைகளை 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, 76 சதவீதம் ஒற்றை நட்சத்திரம். கோபம் வந்தவர்கள்தான் அதிகம் எழுதுவார்கள், அதைத் தள்ளிக் கணக்கிட வேண்டும் என்பது சரி. ஆனால் பெற்றோருடனான உறவையே இந்த ஆப்கள் கெடுத்துவிட்டன என்றும் அவர்கள் எழுதியிருந்தார்கள்.

வரிசை முக்கியம். முதலில் அவளுடைய அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அவர் இதை மகள் எதிரில் முதல்தடவை கேட்கக் கூடாது. அப்புறம் நான் மேலே சொன்ன பேச்சு. ஆப்பைப் பற்றி முதலிலேயே சொன்னால் சண்டை அதைச் சுற்றியே போய்விடும், சாவைப் பற்றிய கேள்வி அடிபட்டுப் போகும். அவள் பேசி முடித்து, நீங்கள் கேட்டு முடித்த பிறகு, இரண்டொரு நாளுக்குள் சொல்லுங்கள். நடுவில் அவளே “நீ என் போனைப் பார்த்தியா?” என்று கேட்டுவிட்டால் அந்த நொடியே “ஆமா” என்று சொல்லிவிடுங்கள். அங்கே மழுப்பினால் திரும்பி வர வழி இருக்காது.

சொல்லும்போது “உன் நல்லதுக்குத்தான்” என்ற வார்த்தை வேண்டாம். “எனக்குப் பயமா இருந்துச்சு. உன்கிட்ட கேக்கத் தெரியாம, உனக்குத் தெரியாம ஒரு ஆப் போட்டேன். அது தப்பு. எடுத்துடறேன்.” இவ்வளவு போதும். கத்துவாள், அழுவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். நாலைந்து நாள் பேசாமலும் இருக்கலாம். அந்த நாட்களில் அவள்மேல் கண் வைத்திருங்கள், சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள், துரத்திப் போய் மன்னிப்பு கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். மன்னிப்பாளா என்று கேட்டீர்கள். உங்கள் மகளை நான் பார்த்ததில்லை. ஆனால் அம்மாவே வந்து சொன்ன விஷயத்தையும் தானே கண்டுபிடித்த விஷயத்தையும் பிள்ளைகள் ஒன்றாக வைப்பதில்லை என்பதை என் ஆலோசனை அறையில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிறகு வெளிப்படையான ஏற்பாடு ஒன்றைச் சேர்ந்து பேசி முடிவு செய்யுங்கள். இரவு எல்லார் போனும், உங்களுடையதும் சேர்த்துத்தான், படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் இருக்கட்டும். இடம் பகிர்வது இருவழியாக இருக்கட்டும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அவளும் பார்க்கலாம். இப்போது அவள் மனநிலை மோசமாக இருந்து, சில வாரங்களுக்குக் கூடுதல் கண்காணிப்பு வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், அதையும் அவளிடம் சொல்லியே செய்யுங்கள், எந்தத் தேதிவரை என்பதையும் சேர்த்து.

பெரியவர் யாரோ அவளோடு பேசி வளைக்கப் பார்க்கிறார், படத்தை வைத்து மிரட்டுகிறார்கள் என்று தெரியவந்தால் மட்டும் கணக்கு வேறு. அப்போது பணம் கொடுக்காமல், உரையாடலை அழிக்காமல், போனை அவளோடு சேர்ந்தே உட்கார்ந்து பார்த்து, காவல்துறைக்குப் போக வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை அனுப்ப வேண்டியதில்லை; போனிலேயே அதன் டிஜிட்டல் கைரேகையை மட்டும் எடுத்து, அதில் சேர்ந்துள்ள தளங்களுக்குக் கொடுக்கும்.

ஆப்பை எடுக்கும்போது

அழித்தால் மட்டும் போதாது. சர்வரில் இருப்பது அப்படியே இருக்கும். கணக்கையும் சேமித்த எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதுங்கள், சந்தா தானாகப் புதுப்பிக்காதபடி நிறுத்துங்கள். போனின் செட்டிங்ஸில் ‘டிவைஸ் அட்மின்’, ‘ஆக்சஸிபிலிட்டி’, ‘நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ்’ மூன்று இடத்திலும் அந்த ஆப்பின் அனுமதியை எடுத்துவிட்டுப் பிறகு நீக்குங்கள். பெரும்பாலும் ‘சிஸ்டம் சர்வீஸ்’ மாதிரி ஏதாவது அப்பாவிப் பெயரில் உட்கார்ந்திருக்கும். பிளே புரொடெக்ட்டைத் திரும்பப் போடுங்கள். அவளுடைய கூகுள், இன்ஸ்டாகிராம் கடவுச்சொற்களை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை வைக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ திறந்து, தெரியாத கருவி ஏதும் இருந்தால் துண்டிக்கச் சொல்லுங்கள்.

இந்த வேலையை நீங்கள் தனியாகச் செய்யாமல், போனை அவள் கையில் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று உங்களைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.